கபாகாவுக்கு இன்னும் என்ன வேலை?

கடலோடி: உகாண்டா ஒரு குடியரசு. ஆனால் அதற்குள் இருக்கும் புகாண்டா என்ற பகுதிக்கு கபாகா என்ற அரசர் இன்றும் உண்டு. 1967இல் ஜனாதிபதி ஒபோட்டே ஒழித்த பதவியை 1993இல் ஜனாதிபதி முசெவெனி திருப்பிக் கொடுத்தார்; ரொனால்ட் முடேபி முடிசூடினார். கட்சி அரசியல் பேசக் கூடாது, ஆட்சி அதிகாரமும் கிடையாது. பிறகு எதற்கு இந்த அலங்காரம்?

தாமரை: அலங்காரமா? கம்பாலாவில் இருக்கும் கசுபி சமாதியைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள். நான்கு கபாகாக்களை அடக்கம் செய்த புல்வேய்ந்த பெரிய வீடு அது. கூரையின் உட்புறத்தில் 52 வளையங்கள், குலத்துக்கு ஒன்று. கூரை வேயும் உரிமை ஒரு குலத்துக்கு மட்டுமே. 2010 மார்ச்சில் அது எரிந்தபோது ஊரே திரண்டு அழுதது. இன்னொன்று: கபாகா தாயின் குலத்தைச் சேர்கிறார். ஆகவே அரச குலம் என்று தனியாக ஒன்று இல்லை. எந்தக் குலத்துப் பெண்ணுக்குப் பிறந்த இளவரசனும் அரியணை ஏறலாம்.

கடலோடி: குலக்கதை இருக்கட்டும், நிலக்கதைக்கு வாருங்கள். 1900 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷார் கபாகாவுக்கு 350 சதுர மைல் எழுதிவைத்தார்கள். தலைவர்களுக்கும் வாரி வழங்கினார்கள். காலங்காலமாக உழுதவன் குத்தகைக்காரன் ஆனான். குத்தகை எல்லை மீறிப்போய் 1928இல் சட்டம் போட்டுத்தான் அடக்க முடிந்தது.

தாமரை: 1900இல் கபாகா தாவுதி ச்வாவுக்கு வயது மூன்று! கையெழுத்திட்டவர்கள் அபோலோ கக்வா தலைமையிலான பொறுப்பாளர்கள்; தங்களுக்கும் நிலம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழியைப் பச்சைக் குழந்தை மேல் போடுவது என்ன நியாயம்? அவர் மகன் இரண்டாம் முடேசா பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றார். 1953இல் கவர்னர் கோஹன் அவரை லண்டனுக்கு நாடு கடத்தினார். மக்கள் கொதித்தெழுந்ததால் 1955இல் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

வழிப்போக்கன்: அதே முடேசா பிறகு ஜனாதிபதியும் ஆனாரே! ஒரு பகுதியின் அரசரே நாட்டுக்கும் தலைவர் என்றால் மற்றப் பகுதிகள் எப்படி நம்பும்? 1966 மே மாதம் ஒபோட்டேயின் படை அரண்மனைக்குள் புகுந்தது. முடேசா தப்பியோடி 1969இல் லண்டனில் இறந்தார். ஒபோட்டே செய்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் இரட்டைப் பதவி அதற்கு வழி திறந்துவிட்டது.

தாமரை: இப்போது இரட்டைப் பதவி இல்லையே! 2009 செப்டம்பரில் புகாண்டாவிலேயே இருக்கும் கயுங்கா மாவட்டத்துக்கு கபாகா போவதை அரசு தடுத்தது. கலவரத்தில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெறும் அலங்காரத்துக்கு அரசு ஏன் இவ்வளவு பயந்தது?

கடலோடி: சுட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. என் கேள்வி நிலத்தைப் பற்றியது. தாவுதி ச்வா குழந்தை, சரி. இன்றைய கபாகா குழந்தை இல்லையே! அவருடைய நில வாரியம் இன்றும் குத்தகை வசூலிக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.