கூறு போட்ட வான்கோழி

நியூஜெர்சிக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. இங்கே வான்கோழி சமைக்கும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் அன்று எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். முதல் வருஷம் 12 பவுண்டு வான்கோழியை முழுசாக ஓவனில் வைத்தேன். முந்தின நாள்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்தது. மேலே பொன்னிறமாகத்தான் வந்தது. வெட்டினால் தொடை இடுக்கில் ரத்தம், நெஞ்சுக்கறியோ தேங்காய் நார். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த வருஷம் அது, அதனால் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைத்து ஐஸ் விட 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதோடு முழுசாக வைப்பதை விட்டேன். நெஞ்சையும் தொடையையும் கூறு போட்டுத் தனித்தனியாகத்தான் சமைக்கிறேன். நெஞ்சில் கொழுப்பு குறைவு. உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். தொடையில் ஜவ்வு அதிகம், 175க்கு மேல் போனால்தான் இளகும். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏதாவது ஒன்று கெடத்தானே செய்யும்?

நெஞ்சுப் பகுதிக்கு உப்பும் நுணுக்கிய மிளகு, சோம்பும் தடவி, மூடாமல் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். முதலில் தண்ணீர் விடும். அதைக் கறியே திரும்ப இழுத்துக்கொள்ளும். இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தால் தோல் காகிதம் போலக் காய்ந்திருக்கும், அதுதான் பதம். தோலை விரலால் மெல்லத் தூக்கி, பூண்டும் கறிவேப்பிலையும் நசுக்கிக் கலந்த வெண்ணெயை அடியில் பூசி ஓவனில் வைத்தால் மொறுமொறுவென்று வரும்.

தொடைக்கறி முழுக்க சீரக சம்பா பிரியாணிக்குத்தான். கோழியை விட நன்றாக வேகவிட வேண்டும், குக்கரில் தனியாக வேகவைத்து அந்தத் தண்ணீரையே அரிசிக்கு ஊற்றுங்கள். எலும்பில் மறுநாள் மிளகு ரசம்.

~

அக்கா, உங்கள் குறிப்பைப் படித்தேன். நாங்கள் டெக்சஸ். மேஜையில் முழுசாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குத் திருப்தி என்பதால் நான் முதுகெலும்பை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுவேன். மல்லாக்கப் போட்டு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினால் மளுக்கென்று விரிந்துவிடும். தொடை வெளிப்பக்கம் வந்துவிடுவதால் அதற்குச் சூடு கூடுதலாகக் கிடைக்கும். 425 டிகிரியில் 12 பவுண்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், ஆனாலும் தெர்மாமீட்டர் குத்திப் பார்க்காமல் எடுக்காதீர்கள். எண்ணெயில் முழுசாகப் பொரிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து ஐஸ் சுத்தமாக விட்டிருக்கிறதா பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எண்ணெய் பொங்கி அடுப்பில் விழுந்து தீப்பிடித்ததை நேரில் பார்த்தேன். நல்லவேளை, வீட்டுக்கு வெளியே வைத்திருந்தார்கள்.

~

நான் நாகர்கோவில். எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் வான்கோழி. ஓவன் கிடையாது, வறுத்தரைச்ச குழம்புதான். தேங்காயை கருஞ்சிவப்பாக வறுத்து, மல்லி, வத்தல், மிளகு சேர்த்து வெண்ணெய் போல அரைக்கணும். வாங்கும்போது இளசாகக் கேளுங்கள், முற்றின சேவல் என்றால் எவ்வளவு வேகவைத்தாலும் நார்தான். முதல் நாள் ராத்திரியே வைத்துவிடுவோம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆப்பத்தோடு சாப்பிடும்போது மசாலா எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கும்.