இரண்டு சீல் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

என்னுடையது 350 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. போன வருடம் முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஆயில் சீலில் கசிவு ஆரம்பித்தது. சீலை மாற்றினோம், பத்தே நாளில் மறுபடி ஈரம். சரக்கு மட்டமாக இருக்கும் என்று நினைத்து வேறொன்று போட்டோம். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், சீல் பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. தேய்ந்த சீல் கசியும், இப்படி வெளியே வராது. உள்ளிருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

டேங்கை இறக்கினோம். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாயான பிரீதர் ஹோஸ் டேங்குக்கும் சேஸிக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. முன்பு வேறொரு வேலைக்காக டேங்கைக் கழற்றி மாட்டியபோது சிக்கியிருக்க வேண்டும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது அதன் அடியில் இருக்கும் காற்றை அமுக்குகிறது. என் வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் 350 சிசி. 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 முறை. போதாததற்கு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் புதிதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே நழுவி, பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கூடான கிராங்க் கேஸுக்குள் சேரும். இதைத்தான் புளோ-பை என்கிறார்கள். இதெல்லாம் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். வழி அடைபட்டால் எது பலவீனமோ அது வழிவிடும். எனக்கு சீல், இன்னொருவருக்கு கேஸ்கெட்.

*

மேலே எழுதியதைப் படித்த இன்னொருவன் நான், எனக்கு நடந்தது வேறு. ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது, ஆயிலைத்தான் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டேன். அதிக வேகத்தில் போனதும் ஆயில் துளிகள் வாயுவோடு சேர்ந்து ஏர் பாக்ஸுக்கு வந்து, ஃபில்டர் நனைந்து, இழுவையே போய்விட்டது. ஏர் பாக்ஸின் அடியில் மூடியோடு ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். லேசான பிசுபிசுப்பு சகஜம். குழாய் நிறைய ஆயில் நின்றால் முதலில் அளவைப் பாருங்கள்.

அப்புறம், பிஸ்டனுக்கு அடியில் காற்று அமுங்கி விரியும் இந்தத் துடிப்பு நான்கு சிலிண்டர் வண்டிகளில் குறைவு. இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் அடியில் மொத்த இடம் கிட்டத்தட்ட மாறாது. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் ட்வினில் (இரட்டை சிலிண்டர் வண்டியில்) அந்தச் சலுகை கிடையாது. ஆனால் புளோ-பை எல்லாவற்றிலும் உண்டு, அதனால் பிரீதர் எதற்கும் வேண்டும். டூ ஸ்ட்ரோக் மட்டும் தனி: அதில் கிராங்க் கேஸே பம்ப், பெட்ரோல் கலவை அது வழியாகத்தான் போகிறது.

*

நான் மூன்றாமவன். குளிர்காலத்தில் தினமும் இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெளுத்த பசை. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்தேன், ஆனால் என்னுடையது ஏர் கூல்டு, ஆயிலில் கலக்கக் கூலன்ட்டே கிடையாது. புளோ-பையில் இருக்கும் நீராவி, எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் தண்ணீராகி ஆயிலோடு கலந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஒரே ஓட்டமாக ஓட்டினேன், பெரும்பாலும் மறைந்துவிட்டது. ரேடியேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கூலன்ட் குறைகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான். ஹோஸை மாற்றிய அன்று, ஏர் பாக்ஸ் பக்க முனையைக் கழற்றி, ஐட்லிங்கில் விரலை அருகே வைத்துப் பார்த்தேன். காற்று விட்டுவிட்டு வந்தது, புகை இல்லை. புகை நிற்காமல் வந்திருந்தால் ரிங்கைச் சந்தேகப்பட்டிருப்பேன். மூன்றாவது சீல் 7000 கிலோமீட்டர் தாண்டியும் காய்ந்தே இருக்கிறது.