பந்தயம் கொட்டகையில்தான் தொடங்குகிறது: விமானப் பந்தயம் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கண்டனூரிலிருந்து

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பந்தய மாடு வளர்க்கிறோம். மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரிய மாட்டுக்குப் போக வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். ஜனங்கள் அன்று காலையில் வந்து பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கோ பந்தயம் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்திருக்கும். விடியுமுன் மாட்டைக் கண்மாயில் நீந்த விடுவது, பருத்தி விதையும் பேரீச்சையும் அளந்து வைப்பது, குளம்பை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது, அச்சாணியைக் கழற்றித் துடைத்து மாட்டுவது. நான் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

வேலைக்காகச் சில வருடம் கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் இருந்தேன். அங்கிருந்து மலையைத் தாண்டினால் நெவாடா மாநிலத்து ரீனோ. 1964 முதல் அங்கே விமானப் பந்தயம் நடந்துவந்தது. 2023 செப்டம்பரோடு ரீனோவில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டிக்கெட் வாங்கிவிட்டேன். விமானங்கள் நிற்கும் இடத்துக்குள் போய்ப் பார்க்கத் தனிச் சீட்டு உண்டு. அதையும் வாங்கினேன். மைதானத்து நாற்காலியில் பார்த்ததைவிட அந்தக் கொட்டகைகளுக்கு நடுவே பார்த்ததுதான் அதிகம்.

அங்கேயும் வகுப்பு உண்டு. நம் ஊரில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிக்கிற மாதிரியே. பெரியது அன்லிமிடெட் வகுப்பு. முஸ்டாங், சீ ஃபியூரி போன்ற பழைய போர் விமானங்கள் அதில் ஓடும். சின்னது ஃபார்முலா ஒன். நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின் எல்லோருக்கும் ஒன்றே. வெறும் விமானத்தின் எடை 500 பவுண்டுக்குக் குறையக் கூடாது, இறக்கைப் பரப்பு 66 சதுர அடிக்குக் குறையக் கூடாது. அந்தச் சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள். ஓடுபாதையில் வரிசையாக நிறுத்தி, கொடி விழுந்ததும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எனக்கு அரியக்குடிப் பக்கம் ரோட்டோரம் நிற்கிற மாதிரியே இருந்தது.

பெரிய வகுப்பு வானத்திலேயே தொடங்கும். வழிகாட்டி விமானம் ஒன்று எல்லோரையும் ஒரே கோட்டில் அணிவகுத்துக் கூட்டி வந்து, பந்தயம் ஆரம்பம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுத் தான் மட்டும் செங்குத்தாக மேலே போய்விடும். மற்றவை கீழே இறங்கும். தரையிலிருந்து 50 அடி முதல் 250 அடிக்குள் பறக்க வேண்டும். எல்லைக்கு நட்டிருப்பது உயரமான கம்பங்கள், உச்சியில் பீப்பாய். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் நடுவர்கள் நின்று நேராக மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பத்துக்கு உட்புறமாக விமானம் வெட்டினால் நேரத்தில் அபராதம். ஒரு சுற்றே ஏழெட்டு மைல். எங்கள் மாடுகள் நுரை தள்ளி ஓடி முடிக்கிற தூரத்தை ஒரு நிமிடத்தில் சுற்றி வந்துவிடுகின்றன. தலைக்கு மேல் முஸ்டாங்கின் மெர்லின் இன்ஜின் போகும்போது நெஞ்செலும்பு அதிர்ந்தது.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முஸ்டாங்கின் இறக்கையை நான்கு பேர் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இறக்கையின் முன் விளிம்பில் நசுங்கியிருந்த பூச்சிகளை நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியை வைத்து ஊற வைத்து எடுத்தார். ஏன் இவ்வளவு பொறுமை என்று கேட்டேன். அந்த இடத்தில் கடுகளவு மேடு இருந்தாலும் காற்று வழுக்கிப் போகாமல் குலையும், கீறல் விழுந்தால் அதுவும் மேடுதான் என்றார். தகடு சேரும் இடைவெளிகளில் எல்லாம் டேப் ஒட்டி, அதன் விளிம்பையும் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். இன்ஜினுக்குப் போர்க்காலத்தில் அனுமதித்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றழுத்தம் கொடுக்கிறார்களாம். அது உள்ளே வெடித்துச் சிதறாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்து உள்ளே செலுத்துகிறார்கள். ரேடியேட்டர் மேலும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். பறக்கும்போது பின்னால் தெரியும் வெள்ளைக் கோடு அந்தத் தண்ணீர்தான், புகையில்லை.

அந்தப் பெரியவர் கையை இறக்கை மேல் வைத்துத் தடவிப் பார்த்த விதம் சித்தப்பா மாட்டின் விலாவைத் தடவுகிற விதமேதான். அதைப் பார்த்ததும் ஊருக்கு ஃபோன் பண்ணிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 17, டி-6 வகுப்பின் இறுதிப் பந்தயம். எல்லாமே பயிற்சி விமானங்கள், 600 குதிரைத்திறன் இன்ஜின், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வேகம். பந்தயம் நல்லபடியாக முடிந்தது. எழுந்து கை தட்டினோம். முதலிடமும் இரண்டாமிடமும் பிடித்த இரண்டு விமானங்கள் இறங்க வரும்போது மோதிக்கொண்டன. இரண்டு விமானிகளும் இறந்துவிட்டார்கள். மீதிப் பந்தயங்களை ரத்து செய்தார்கள். நான் பார்க்கப் போன பெரிய வகுப்பு இறுதிப் போட்டி நடக்கவேயில்லை. வெளியே போகும் வழியில் அந்தப் பெரியவரின் குழு விமானத்துக்கு உறை போர்த்திக்கொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. நானும் தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன்.

விமானம், மாடல் விமானம், எதுவானாலும் சரி, பந்தயத்துக்குத் தயாராவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இருப்பீர்கள். எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து

தம்பி, நான் விமானப் படையில் தரைப் பணியாளாக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தயம் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ரீனோ என்றதும் எனக்கு ஞாபகம் வருவது 2011 செப்டம்பர் 16. கேலப்பிங் கோஸ்ட் என்ற முஸ்டாங் பந்தயத்தின் நடுவே பார்வையாளர்கள் பக்கம் விழுந்தது. விமானியும் பார்வையாளர்கள் 10 பேரும் இறந்தார்கள். 60 பேருக்கு மேல் காயம். விசாரணை அறிக்கை வந்தபோது உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன்.

காரணம் ஒரு சின்ன நட்டு. வால் பக்கம், மூக்கை ஏற்றி இறக்க அசையும் எலிவேட்டர் என்ற பலகையில், டிரிம் டேப் என்று இன்னொரு சிறு பலகை இருக்கும். அதைப் பிடித்திருக்கும் திருகுகளுக்கு லாக் நட் போடுவோம். நட்டின் உள்ளே ஒரு வளையம் இருக்கும், அதுதான் திருகைக் கவ்விப் பிடிப்பது. அந்த வளையங்கள் பழசாகி நைந்து போயிருந்தன. திருகு தளர்ந்தது, அந்த வேகத்தில் சிறு பலகை படபடவென்று அடித்துக்கொண்டது, ஒரு பகுதி பிய்ந்தது. விமானம் சட்டென்று மூக்கை மேலே தூக்கியது. உடம்பின் எடையைப் போல 17 மடங்குக்கும் மேலான அழுத்தம். விமானி நொடியில் நினைவிழந்துவிட்டார். பிறகு அவரால் என்ன செய்ய முடியும்?

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் சார்ஜென்ட் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கழற்றிய லாக் நட்டைத் திரும்ப எடுத்தால், திருகில் வைத்து விரலால் சுற்றிப் பார்க்கச் சொல்வார். விரலாலேயே கடைசி வரை சுற்றினால் அது செத்த நட்டு, தூக்கிப் போடு. ஒரு நாள் ராத்திரி அவசரத்தில் நான் பார்க்காமல் மாட்டிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். படுக்கப் போன பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்து போய் அவரை எழுப்பிச் சொன்னேன். திட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கழற்றினோம், அந்த நட்டு விரலுக்கே சுற்றியது. புதுசு போட்டோம். மறுநாள் காலை அந்த விமானம் ஏறி இறங்கும் வரை நான் ஓடுபாதை ஓரத்திலேயே நின்றேன். 2011 அறிக்கையைப் படித்தபோது அந்த டார்ச் வெளிச்சம்தான் கண்ணுக்குள் வந்தது.

உங்கள் சித்தப்பா அச்சாணியைக் கழற்றிப் பார்க்கிறார் என்றீர்கள். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்

2014 மே மாதம் புத்ரஜெயாவில் ரெட் புல் ஏர் ரேஸ் நடந்தது, குடும்பத்தோடு போனோம். அது வேறு வகை. ஒருவர் ஒருவராகப் பறப்பார்கள், கடிகாரத்தோடு போட்டி. ஏரி மேல் 25 மீட்டர் உயரத்துக்குக் காற்றடைத்த கூம்புகளை நிறுத்தி வைத்து, அவற்றின் நடுவே புகுந்து போக வேண்டும். இறக்கை உரசினால் துணி கிழிந்து சரிந்துவிடும், விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. படகில் ஆட்கள் போய்ச் சில நிமிடத்தில் புதுத் துண்டு மாட்டி மறுபடி ஊதிவிட்டார்கள். என் மகனுக்கு விமானத்தைவிட அந்தப் படகுக்காரர்களைத்தான் பிடித்தது. நைஜல் லாம்ப் வென்றார், அந்த ஆண்டு உலகப் பட்டமும் அவருக்கே.

பறப்பதற்கு முன்னால் விமானிகள் தரையில் கண்ணை மூடிக்கொண்டு, கையை விமானமாக வைத்து, ஒவ்வொரு வளைவாக நடந்து பார்ப்பதைப் பெரிய திரையில் காட்டினார்கள். பரதநாட்டிய ஒத்திகை மாதிரி இருந்தது என்று என் வீட்டு ஆச்சி சொன்னாள். எனக்கும் அப்படியே தோன்றியது.

காரைக்குடியிலிருந்து

அண்ணா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் பொறியியல் இரண்டாம் வருடம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ரிமோட் விமானம் செய்து பந்தயம் விடுகிறோம். உலக அளவில் எஃப்3டி என்று ஒரு வகுப்பு இருக்கிறது: மூன்று கம்பம், பத்துச் சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். நல்ல ஆட்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். எங்களுடையது அந்த அளவு இல்லை. ஃபோம் போர்டு, மூங்கில் குச்சி, சின்ன மோட்டார், லிப்போ பேட்டரி. அறுவடை முடிந்த வயலில் மூன்று மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டுவோம்.

ஓட்டுபவர் பக்கத்தில் ஒருவர் நின்று, எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். தூரத்துக் கம்பத்தை விமானம் தாண்டிவிட்டதா என்பது ஓட்டுபவருக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் குழுவில் அது என் வேலை. நம் ஊர்ப் பந்தயத்தில் துணைச் சாரதி இருப்பாரே, அந்த இடம்.

போன தை மாதம் முதல் பந்தயத்தில் எங்கள் விமானம் மூன்றாவது சுற்றில் மூக்கு குத்தி விழுந்தது. முந்தின நாள் இரவு பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக மாற்றியிருந்தோம். மாற்றிய பிறகு எடை மையம் எங்கே நிற்கிறது என்று இரண்டு விரலில் தூக்கி வைத்துப் பார்க்க மறந்துவிட்டோம். மூன்று வார வேலை, பதினைந்து நொடி. நான் அழுதுவிட்டேன். இப்போது பெட்டியின் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: எடை மையம், சர்வோ (திருப்பும் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்) இணைப்பு, ப்ரொப்பெல்லர் விரிசல், ரிசீவர் ஒயர். ஒருவர் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். தேவகோட்டை ஐயா சொன்ன விரல் சோதனையையும் இன்று அதில் சேர்த்துவிட்டேன்.

கோட்டையூரிலிருந்து

பிள்ளைகளா, நம் ஊருக்கும் ஆகாயத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இன்னும் கிடக்கிறது. சின்ன வயதில் அங்கே சைக்கிள் பழகினோம். எங்கள் ஊர்க்காரர் அழகப்பச் செட்டியார் லண்டனில் படிக்கப் போன இடத்தில் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கினவர். பிறகு டகோட்டா விமானங்களை வாங்கி ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தினார். கல்லூரி கட்டியவர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், இதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கிராய்டனை முடிவிடமாக வைத்துத்தான் 1930-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு என்று இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் பரிசு அறிவித்திருந்தார். எதிர்த் திசையில் இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தவர் ஆஸ்பி இன்ஜினியர், 17 வயதுப் பையன். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் ஸ்பார்க் பிளக் கெட்டு, மாற்று இல்லாமல் அந்தப் பையன் மாட்டிக்கொண்டான். அங்கே வந்து இறங்கிய டாடா தன்னிடமிருந்த உபரிப் பிளக்கைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேரம் முந்திக்கொண்டு பரிசை வாங்கினார். பின்னாளில் அவரே இந்திய விமானப் படைத் தளபதி ஆனார்.

இந்தக் கதையை எங்கள் அப்பச்சி சொல்லும்போது, கொடுத்தவர் பெருந்தன்மையைச் சொல்லி நிறுத்துவார். எனக்கு வயதான பிறகு வேறொன்று தோன்றுகிறது. உபரிப் பிளக்கைப் பையில் எடுத்து வைத்தவர் டாடா. கிளம்புவதற்கு முந்தின நாள் அதை யோசித்திருக்கிறார்.

கண்டனூரிலிருந்து

எல்லாவற்றையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நட்டுக் கதையை இரண்டு முறை கேட்டார். தேவகோட்டை ஐயா, உங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லச் சொன்னார்.

ரீனோவில் நின்ற பந்தயம் 2025 செப்டம்பரில் நியூ மெக்சிகோ மாநிலத்து ராஸ்வெல்லில் மறுபடி தொடங்கியது. என்னால் போக முடியவில்லை. அதனால் காரைக்குடித் தங்கச்சிக்கு ஒரு கேள்வி: அடுத்த பந்தயம் எந்த வயலில், எந்தத் தேதி? சித்தப்பா வர வேண்டும் என்கிறார். பந்தய நாளில் வேண்டாமாம், முந்தின நாள் சாயங்காலம் நீங்கள் விமானத்தைப் பூட்டும்போது வந்து உட்கார்ந்து பார்க்கணுமாம்.