கம்ப்யூட்டர்ல டெம்பரேச்சர் ரீடிங் பார்த்து ஆடிப்போன அனுபவம் இருந்தா எழுதுங்க

பழையபெட்டி:
எப்பவோ நடந்தது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அக்கா வீட்டு சிஸ்டத்துல ஹெச்டபிள்யூமானிட்டர்னு சூடு காட்டற ப்ரோக்ராம் போட்டுப் பார்த்தோம். சிபியு 41, கிராபிக்ஸ் கார்டு 38, எல்லாம் ஒழுங்கு, நடுவுல ஆக்ஸ்டின்னு (கூடுதல் சென்சாருக்கான இடம்) ஒரு வரி மட்டும் 127 டிகிரி. அத்தான் ஓடிப்போய் பிளக்கையே பிடுங்கிட்டார். சர்வீஸ் பண்றவருக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா "மதர்போர்டு போச்சு, மாத்தணும்"னு ஒரே வரில பதில். எனக்கு மனசு ஒப்பல. மறுநாள் காலைல, ராத்திரி முழுக்க ஆஃப்ல கிடந்த மெஷினை ஆன் பண்ணின உடனே பார்க்கறேன், அப்பவும் 127. கேமை ஓட விட்டேன், மத்த எல்லா வரியும் ஏறி இறங்குது, இது மட்டும் அசையவே இல்ல. சூடுன்னா ஏறணும் இறங்கணும்ல? சென்சாரே மாட்டாத பின்னை சிப் படிச்சு என்னத்தையோ காட்டுது, அவ்ளோதான். குறியோட எழுதற 8 பிட் எண்ணுல உச்சமே 127 தான், அதான் அந்த நம்பர். போர்டு இன்னிக்கும் ஓடுது. ஆனா அந்த ஒரு வரி பதிலை நம்பி நல்ல போர்டைத் தூக்கிப்போட்டவங்க எத்தனை பேரோன்னு நினைச்சா வயிறு எரியுது.

நைட்ஷிஃப்ட்:
என் கதை ஏஎம்டியோட ரைசன் 7950எக்ஸ் சிபியு. ரெண்டர் (சிபியுவை முழுசா வேலை வாங்கற படம் உருவாக்கற வேலை) போட்டா நேரா 95, அங்கயே நிக்கும். இருந்ததைவிடப் பெரிய கூலர் வாங்கி மாட்டி ரெண்டர் போட்டேன், திரும்பவும் அதே 95. கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே வெறிச்சுப் பார்த்துட்டு இருந்தேன், அப்புறம்தான் பக்கத்து வரில க்ளாக் ஸ்பீடு, அதாவது சிப் ஓடற வேகம், முன்னைவிட ஏறி நிக்கறது கண்ணுல பட்டது, ரெண்டரும் சீக்கிரமே முடிஞ்சது. சூடு அதேதான், வேலை கூடுது. 2022ல இந்த 7000 வரிசை வந்தப்பவே ஏஎம்டி சொல்லிருச்சு, 95 வரைக்கும் போறது டிசைனே அப்படித்தான்னு. கூலர் எவ்ளோ தாங்குமோ அவ்ளோ பவரை எடுத்துக்கும். ஃபேன் சத்தம் பிடிக்கலன்னா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் பக்கம்) பவரைக் குறைக்கற எக்கோ மோடு போடுங்க, டிகிரி நல்லா இறங்கும், வேகம் கொஞ்சம்தான் குறையும். 95 பார்த்தா பதறாதீங்க.

ஸ்க்ரூடிரைவர்:
நைட்ஷிஃப்ட் ப்ரோ, கடைசி வரியை அப்படிப் பொதுவா எழுதாதீங்க. உங்க சிப்புக்கு அது சரி. என் ஃப்ரெண்டோடது இன்டெல்லோட 65 வாட் ஐ5 சிப், "95 எல்லாம் நார்மல்"னு எங்கயோ படிச்சுட்டு மாசக்கணக்கா அப்படியே ஓட்டிட்டு இருந்தார். நான் போய் சிப்பை முழுசா வேலை வாங்கற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டேன், க்ளிக் பண்ணின விரலை எடுக்கல, 38ல இருந்து 97. நிறுத்தின உடனே 45. கூலரைக் கழட்டிக் கவுத்துப் பார்த்தா அடில அந்த பிளாஸ்டிக் ஃபிலிம் அப்படியே ஒட்டியிருக்கு, "மாட்டும் முன் உரிக்கவும்"னு அச்சடிச்ச எழுத்துக்கு மேலேயே சூட்டைக் கடத்தற தெர்மல் பேஸ்ட்டைத் தடவி மாட்டியிருக்காங்க. அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவங்க வேலை. உரிச்சு, துடைச்சு, பேஸ்ட் வச்சு மாட்டினோம், அதே டெஸ்ட்டுல 68.

யாரும் கேட்கல, ஆனா சொல்லாம போக முடியல. நம்பரை மட்டும் பார்க்காதீங்க, அது எப்படி ஏறுதுன்னு பாருங்க. லோடு கொடுத்த கணமே உச்சிக்குத் தாவி, எடுத்த கணமே தடால்னு விழுந்தா சிப்புக்கும் கூலருக்கும் நடுவுலதான் கோளாறு: பேஸ்ட், ஃபிலிம், ஒரு மூலைல பூட்டாத, கூலரைப் பிடிக்கற புஷ்பின், இந்த மாதிரி. அடுப்புல வச்ச தண்ணி மாதிரி பத்து இருபது நிமிஷம் மெதுவா ஏறிக்கிட்டே போனா காத்துதான் பிரச்சனை, கேஸோட சைடு பேனலைத் திறந்து வச்சு அதே டெஸ்ட்டைப் போடுங்க, சட்டுனு பல டிகிரி இறங்கினா கேஸுக்குள்ள காத்து போகலன்னு அர்த்தம், தூசியைத் தட்டுங்க, முன்னாடி ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்குன்னு பாருங்க. வாட்டர் கூலர்னா ஃபேன் சுத்துது லைட் எரியுதுன்னு நம்பாதீங்க, பம்ப் ஆர்பிஎம் வருதான்னு பாருங்க. பயாஸ்ல 55 காட்டுது, விண்டோஸ்ல சும்மா இருக்கறப்ப 35தான்னு குழம்பாதீங்க, பயாஸ்ல சிப் முழுசா தூங்காது, அதான் அந்த சூடு. ப்ரோக்ராம்ல மேக்ஸிமம்னு இருக்கற கட்டத்துல ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போன எண்ணைப் பிடிச்சுக்கிட்டும் அழாதீங்க. அறையோட சூட்டைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க, அறை 10 டிகிரி ஏறினா சிப்பும் கிட்டத்தட்ட அவ்ளோ ஏறும். இன்டெல்ல பல சிப்புக்கு எல்லை 100, அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும், அதையும் மீறினா மெஷினே ஆஃப் ஆகும். உடனே எரிஞ்சு போயிடாது, ஆனா அந்த எல்லைலயே நிரந்தரமா குடித்தனம் நடத்த வேண்டியதில்ல.

மேசைவிளக்கு:
என்னோடது சின்னக் கதை. 2017ல வாங்கின ரைசன் 1700எக்ஸ். ஒரே மெஷின், ஒரே நேரம், ரெண்டு ப்ரோக்ராம் பக்கத்துப் பக்கத்துல திறந்திருக்கு, ஒண்ணுல 78, இன்னொண்ணுல 58. ரெண்டு எண்ணும் ஒரே தாளத்துல ஏறி இறங்குது, நடுவுல எப்பவும் சரியா 20. அந்த சிப்புல டிகன்ட்ரோல்னு வர்ற மதிப்புல ஏஎம்டியே வேணும்னே 20 கூட்டி வச்சிருந்தாங்க, எல்லா மாடல்லயும் ஃபேன் ஒரே மாதிரி நடந்துக்கணும்னு. உண்மையான சூடு 58. இது தெரியாம கூலர் மேல கூலர் மாத்தினவங்களை நேர்ல பார்த்திருக்கேன். எந்த சென்சார், அதுக்கு என்ன பேர்னு பார்க்காம எண்ணை மட்டும் காப்பி பண்ணிப் போட்டு "இது ஓகேவா"ன்னு கேட்டா யார்தான் என்ன சொல்ல முடியும்?

நைட்ஷிஃப்ட்:
ஸ்க்ரூடிரைவர் அண்ணா, நான் 7000 வரிசைன்னு தெளிவாத்தான் எழுதியிருக்கேன், திரும்பப் படிங்க. அப்புறம் "தாவினா காண்டாக்ட் கோளாறு"ங்கறது எங்க சிப்புக்கு அப்படியே பொருந்தாது. சின்ன சிப்லெட்ல (சிபியுக்குள்ள இருக்கற குட்டி சிப்) அவ்ளோ பவர் இறங்கறப்ப நல்லா மாட்டின கூலர்லயும் ஒரு நொடில 40 டிகிரி தாவும். ப்ரௌசர் திறந்தாலே 45ல இருந்து 65 போயிட்டு வரும். அதனால க்ளாக் ஸ்பீடையும் வாட்டையும் சேர்த்துப் பாருங்கன்னு சொல்றேன். 200 வாட் இழுத்து 95 ஒரு கதை, 60 வாட்லயே 95 வேற கதை.

ஸ்க்ரூடிரைவர்:
வாட் விஷயம் சரி, ஒத்துக்கறேன். என் ஃப்ரெண்டோட சிப் 97ல நின்னப்ப 50 வாட் கூட இழுக்கல.

கடலோரம்:
சிபியு பத்தியே பேசறீங்க. தங்கச்சியோட கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, கேம் நடுவுல ஸ்க்ரீன் கருப்பாயிடும். கார்டு டெம்பரேச்சர் 71னு காட்டுது, ஃபேனும் அமைதியா சுத்துது, பார்க்கற எல்லாரும் சூடு காரணமில்லன்னுட்டாங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கற ப்ரோக்ராம்ல கீழ இறக்கிப் பார்த்தா ஹாட்ஸ்பாட்னு (சிப்புலயே ரொம்ப சூடான இடம்) தனி வரி, 109. அந்தக் கார்டுக்கு எல்லையே 110. ரெண்டுக்கும் நடுவுல 15, 20 வித்தியாசம் இருக்கறது சகஜம், 38 எந்த நியாயத்துலயும் சேராது. கழட்டிப் பார்த்தோம், சிப்போட ஒரு ஓரத்துல பேஸ்ட்டே இல்ல, வெள்ளி மாதிரி பளபளன்னு தெரியுது. புது பேஸ்ட் வச்சு, நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினோம், ஒரே பக்கமா முறுக்கினா மறுபடியும் சாயும். இப்ப 70க்கு 86. அதுக்கப்புறம் ஸ்க்ரீன் ஒரு தடவை கூட கருப்பாகல.