புதுப்பிப்பு: தேவிபட்டினத்து மடவை எந்த வகை?

தேவிபட்டினத்தில் வாங்கிய மடவை மீனின் படத்தைப் போட்டு, இது சாம்பல் மடவையா (அறிவியல் பெயர் மூகில் செபாலஸ்) என்று கேட்டிருந்தேன். மார்புத் துடுப்பைப் பாருங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி. அதுதான் வழி காட்டியது.

அதே வகை மீன் மறுபடி கிடைத்தது. அலசி, வெயிலில் வைத்துப் பார்த்தேன். மார்புத் துடுப்பு அடி முதல் நுனி வரை கறுப்பு. சாம்பல் மடவைக்குத் துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளிதான் இருக்கும். வால் மஞ்சள் பூத்து, கத்தியால் நறுக்கிய மாதிரி நேராக முடிகிறது. சாம்பல் மடவைக்கோ நன்றாகக் கவைத்திருக்கும். கண்ணை அவசியம் பாருங்கள். சாம்பல் மடவையின் கண்மேல் கண்ணாடி போல ஒரு கொழுப்பு இமை படர்ந்து, பாவைக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். இதில் கண் திறந்தே கிடக்கிறது.

அப்புறம் செதில். பக்கவாட்டில் ஒரு வரிசையை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்: 26. சாம்பல் மடவைக்கு 40 பக்கம் வரும். செதில் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது.

ஆக, இது சதுரவால் மடவை, எல்லோகெலான் வைஜியென்சிஸ். மன்னார் வளைகுடாவிலும் இருக்கும் மீன்தான். இனி படம் போடுகிறவர்கள் வாலை விரித்துப் பிடித்து எடுங்கள். மடங்கிய வாலை வைத்து எதுவும் சொல்ல முடியாது.