பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் பொன்னுடையைக் களைந்தது ஏன்?

கேள்வி:
யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தையும் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசித்தபோது எழுந்த ஐயம் இது. முன்னதில், இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியரான ஆரோனுக்குரிய ஏபோத்து (தோள்பட்டைகள் கொண்ட மேலுடை), மார்ப்பதக்கம், நீல அங்கி, பாகை, பொற்பட்டம் ஆகியவை அவ்வளவு நுணுக்கமாக விவரிக்கப்படுகின்றன. ஆனால் மக்களின் பாவங்களுக்குப் பரிகாரம் செய்ய ஆண்டுக்கு ஒருமுறை, வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் உள்ளறையாகிய மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் பாவநிவாரண நாளில், அவற்றை விட்டுவிட்டு வெறும் சணல்நூல் உடையில் செல்ல வேண்டும் என்கிறது பின்னது. கடவுளை மிக நெருங்கும் வேளையில் அல்லவா மேலான உடை வேண்டும்? அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அந்த உடையில் என்ன எழுதியிருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு தோள்களிலும் இருந்த கோமேதகக் கற்களில், கல்லுக்கு ஆறாக, இஸ்ரவேலின் புத்திரர் பன்னிருவரின் பெயர்கள் பிறந்த வரிசைப்படி முத்திரைபோல் வெட்டப்பட்டிருந்தன. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமுமாக இரட்டையாய் மடித்த மார்ப்பதக்கத்தில், நான்கு வரிசைகளில் பதித்த 12 கற்களில் அதே பெயர்கள் மீண்டும் வந்தன. நெற்றிப் பட்டத்திலோ 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்றிருந்தது. ஆரோனின் பெயர் எங்கும் இல்லை. தோளில் சுமந்தும் நெஞ்சோடு சேர்த்தும் அவர் கொண்டு சென்றது ஒரு மக்களினம் முழுவதையும். அந்த மக்கள் படைக்கும் காணிக்கைகளில் நேரும் குற்றத்தைக்கூட அந்தப் பட்டத்தின் வழியே அவரே ஏற்க வேண்டியிருந்தது.

உடையின் நெசவும் கவனிக்கத்தக்கது. பொன்னைத் தகடாக அடித்து, அதை இழைகளாகக் கத்தரித்து, நீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு, மெல்லிய பஞ்சுநூல் ஆகியவற்றோடு சேர்த்து நெய்தார்கள் என்கிறது யாத்திராகமம் 39ஆம் அதிகாரம். பொன்னை நீக்கிப் பார்த்தால், வாசஸ்தலமாகிய அந்தக் கூடாரத்தின் திரைகளுக்கும் அதே நூல்கள்தாம். அந்த உடைக்குள் நின்றவர் ஆசரிப்புக் கூடாரத்தின் ஓர் அங்கமாகவே தோன்றியிருப்பார். பாவநிவாரண நாளிலோ, மக்களுக்காகப் பலியிடுமுன் தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் அவர் ஒரு காளையைப் பலியிட வேண்டியிருந்தது. தானும் பாவியாய் நுழைகிறவருக்குப் பதவியின் அடையாளங்கள் பொருந்தா என்பதே நான் கொள்ளும் பொருள்.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கம் சிறப்பானது; எனினும் சணலை எளிமை என்று மட்டும் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எசேக்கியேல் 9இலும் தானியேல் 10இலும் வானுலகத் தூதராகத் தோன்றுபவர் சணல்நூல் உடுத்தியே வருகிறார். ஆகவே அது கடவுளின் சந்நிதியில் நிற்போருக்குரிய உடையாகவும் இருக்கலாம். பிற்கால ரபிமார்களோ (யூத மத ஆசிரியர்கள்), இஸ்ரவேலர் வணங்கிய பொன் கன்றுக்குட்டியை நினைவூட்டும் உலோகம் குற்றஞ்சாட்டும் சாட்சியாதலால், அதுவே பரிந்து பேச உள்ளே வரலாகாது என்றனர்.

இன்னொன்று: உள்ளே ஆசாரியர் இறந்தால் இழுப்பதற்காகக் காலில் கயிறு கட்டினார்கள் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். வேதாகமத்தில் அப்படி ஏதும் இல்லை. நீல அங்கியின் ஓரத்தில் மாதளம்பழங்களுக்கு இடையே தொங்கிய பொன்மணிகளைப் பற்றித்தான், அவர் உட்பிரவேசிக்கும்போதும் வெளியே வரும்போதும் சத்தம் கேட்க வேண்டும், அவர் சாகாதிருக்க வேண்டும் என்று உள்ளது.

மறுமொழி 3:
இந்த உடை எவ்வளவு கனமான அடையாளம் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. ஓர் என்னும் மலையில் ஆரோன் இறக்குமுன், மோசே அவருடைய வஸ்திரங்களைக் கழற்றி, ஆரோனின் மகன் எலெயாசாருக்கு உடுத்தினார். பதவி கைமாறியது அப்படித்தான். பல நூற்றாண்டுகளுக்குப் பின் யூதேயாவை நேரடியாக ஆண்ட ரோமர்கள், பிரதான ஆசாரியரின் உடையை எருசலேமின் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்து, பண்டிகைகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். சீரியாவின் ஆளுநர் வித்தேலியு அதை மீண்டும் ஆசாரியர்களின் பொறுப்பில் விட்டார்.