ஏற்றுமதித் தடையின் மிச்சங்கள்: எங்கெல்லாம் இடிக்கும், எப்படிக் கழற்றுவது?

பழைய ஜாவா 8 ஓடும் சர்வரில் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்கு 256 பிட் கீ கொடுத்ததும் ‘இல்லீகல் கீ சைஸ்’ என்று நின்றுவிடும். கோடிங்கைத் துருவாதீர்கள், அதில் பிழை இருக்காது. வலுவான என்கிரிப்ஷன் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்திய அமெரிக்க ஏற்றுமதி விதிக்காக ஏஇஎஸ்ஸை 128 பிட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். சைஃபர் கிளாஸில் ‘கெட்-மேக்ஸ்-அலவுட்-கீ-லெங்த்’தை ஏஇஎஸ்ஸுக்கு ஓட்டிப் பாருங்கள். 128 வந்தால் பூட்டு உண்டு. 2147483647 வந்தால் வரம்பே இல்லை என்று அர்த்தம், கோளாறு வேறெங்கோ.

அப்டேட் 161-லிருந்து (ஜனவரி 2018) பூட்டு தானாகவே திறந்திருக்கும். 151 என்றால் ஜாவா.செக்யூரிட்டி ஃபைலில் ‘கிரிப்டோ.பாலிசி=அன்லிமிடெட்’ என்று ஒரு வரி போதும். அதற்கும் முந்தையது என்றால் செக்யூரிட்டி ஃபோல்டரில் உள்ள இரண்டு பாலிசி ஜார் ஃபைல்களையும் அன்லிமிடெட் பதிப்பாக மாற்ற வேண்டும்.

* * *

மாற்றிய பிறகும் அதே பிழை வந்தால், வேறொரு ஜேஆர்இயில் (ஜாவாவை ஓட்டும் தொகுப்பு) மாற்றியிருப்பீர்கள். ஜேடிகே என்ற டெவலப்பர் தொகுப்புக்குள் ஒன்று, வெளியே ஒன்று, சில சமயம் அப்ளிகேஷன் சர்வரே கொண்டுவந்த இன்னொன்று என்று ஒரே மெஷினில் மூன்று கூட இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸில் ‘ஜாவா.ஹோம்’ எதைக் காட்டுகிறதோ அங்கே மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

* * *

எச்டிடிபிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் என்கிரிப்ஷனான டிஎல்எஸ் பக்கம் இதைவிட ஆபத்து. 90களில் வெளிநாட்டுக்கென்று ஒதுக்கிய பலவீனமான 512 பிட் ஆர்எஸ்ஏ கீ, 2000 ஜனவரியில் விதி தளர்ந்த பிறகும் சர்வர்களில் அப்படியே கிடந்தது. 2015 மார்ச்சில் ‘ஃப்ரீக்’ என்ற தாக்குதல் வெளியானபோது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவின் தளமே அந்த 512 பிட்டுக்கு இறங்கி வந்தது. நடுவில் இருப்பவர் பிரவுசரின் கோரிக்கையை ‘எக்ஸ்போர்ட்’ என்று மாற்றுவார், சர்வர் 512 பிட் கீயை நீட்டும், ஓட்டையுள்ள பிரவுசர் அதை வாங்கிக்கொள்ளும். கிளவுடில் சுமார் 100 டாலர், ஏழெட்டு மணி நேரம் இருந்தால் அந்தக் கீ உடைந்துவிடும். பல சர்வர்கள் ரீஸ்டார்ட் ஆகும்வரை அதே கீயையே எல்லோருக்கும் கொடுத்ததால், ஒரு முறை உடைத்தால் நாள்கணக்கில் உதவும்.

சோதிக்கும்போது கவனம். டிஎல்எஸ் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல், 1.1.0 பதிப்பிலேயே எக்ஸ்போர்ட் சைஃபர்களை (வெளிநாட்டுக்கென்று வைத்த அந்தப் பலவீனமான முறைகளை) நீக்கிவிட்டது. அதையோ பிந்தைய பதிப்பையோ வைத்துச் சோதித்தால் ‘நோ சைஃபர் மேட்ச்’ என்று வரும். உங்கள் கருவியிடம் அந்தச் சைஃபர் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம், சர்வர் தப்பித்ததாக ஆகாது. நெட்வொர்க்கை ஆராயும் கருவியான என்மேப்பின் ‘எஸ்எஸ்எல்-எனம்-சைஃபர்ஸ்’ ஸ்கிரிப்ட் தானே கோரிக்கையைக் கட்டி அனுப்பும், அதை ஓட்டுங்கள். பட்டியலில் ‘எக்ஸ்போர்ட்’ தென்பட்டால் அப்பாச்சி வெப் சர்வரின் சைஃபர் வரியில் ஆச்சரியக்குறியோடு ‘எக்ஸ்போர்ட்’ சேர்த்து விலக்குங்கள். லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது), பழைய பிரிண்டர்களையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

* * *

ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் ஏற்றுபவர்களுக்கு ஒன்று. சென்னையில் எழுதினாலும் ஆப் போய்ச் சேருவது அமெரிக்க சர்வரில், அங்கிருந்து வெளியே போவது ஏற்றுமதிதான், அதனால்தான் ஒவ்வொரு பில்டுக்கும் என்கிரிப்ஷன் கேள்வி வருகிறது. ஐஓஎஸ் தரும் எச்டிடிபிஎஸ் மட்டும் என்றால் ஆப்பின் அமைப்பு ஃபைலான இன்ஃபோ.பிலிஸ்ட்டில் ‘நான்-எக்ஸெம்ப்ட் என்கிரிப்ஷன்’ கீக்கு ‘நோ’ போடுங்கள், கேள்வி நின்றுவிடும். ஆப்புக்குள் தனி லைப்ரரி வைத்து என்கிரிப்ட் செய்தால் யோசிக்காமல் ‘நோ’ போடக் கூடாது. அப்படிப்பட்ட ஆப்பைப் பிரான்ஸில் வெளியிடுவதென்றால் அந்நாட்டு டிக்ளரேஷனும் கேட்பார்கள், ரிலீஸ் தேதி குறிக்கும் முன்பே அதை வாங்கி வையுங்கள்.